மூன்றாவது இடம்

கண்ணாடி தூக்குகிறவர்கள் வாயை மூடக் கூடாது. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது வெட்டிப் பேச்சாகத்தான் தெரியும். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் ஒரு ஷீட்டை இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும்போது, ஒருவர் கவனம் எங்கே இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரிந்தாக வேண்டும். காற்று அடித்தால் ஷீட் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் போகப் பார்க்கும். குறுகலான வாசலில் இறக்கும்போது இரண்டு பேரில் ஒருவர் பின்பக்கமாகத்தான் நடக்க முடியும். அவருக்கு முதுகில் கண் கிடையாது. எதிரே வருகிறவர்தான் அவருக்குக் கண். "படி இருக்கா?" என்று பின்னால் நடக்கிறவர் கேட்பார். "ஒண்ணு இருக்கு, தாழ்வு" என்று பதில் வரும். வந்த பிறகே கால் நகரும். கண்ணாடி நழுவினால் பிடிக்கப் போகாதே, விட்டுவிட்டு விலகு என்பது இன்னொரு பாடம். வேலைக்குச் சேர்ந்த அன்றே இந்த இரண்டையும் சொல்லிவிடுவார்கள்.

எனக்கும் சொன்னார்கள். நான் அந்தக் கடையில் பில் போடுகிறவன். பேனாவுக்கு மேல் கனமான எதையும் தூக்கியதில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிற உத்தியோகம் அது, அதை நான் குறைவில்லாமல் செய்து வந்திருக்கிறேன்.

கடையில் பெரிய ஷீட் எதுவானாலும் தூக்குகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் கண்ணாடிக்காரர். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். இன்னொருவருக்குப் பட்டப்பெயர் ரேடியோ. காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனைவி, பிள்ளை என்று யாரும் இல்லாத மனிதர், ஆனால் ஊரில் இருக்கிற அத்தனை குடும்பத்துக் கதையும் அவர் வாயில் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல கண்ணாடிக்காரர் கிண்டல் செய்துகொண்டே வருவார். கண்ணாடி போய்ச் சேர்வதும் தெரியாது, கதை முடிவதும் தெரியாது.

அந்தச் சிரிப்பு ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது.

நின்றுபோனதை முதலில் கவனித்தது நான்தான் என்று சொல்லிக்கொள்வேன், ரேடியோ அதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஷீட் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள், வருவார்கள். ரேடியோவின் குரல் மட்டும் கேட்கும். டீ வரும். கண்ணாடிக்காரர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அறுக்கிற மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். கண்ணாடியில் கீறல் போடுகிற டைமண்ட் வீலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே அறுத்து முடித்த கண்ணாடியைப் பார்த்தபடி நிற்பார்.

"என்ன பில்லு சார், வீட்டுல ஏதாவது பிரச்சினையா இவனுக்கு?" என்று ரேடியோ என் காதோரம் குனிந்து கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?"

"மாடியிலதானே இருக்கீங்க. சத்தம் கேக்குமே."

"சத்தமே இல்லய்யா. அதான் எனக்கும் சரியாப் படல."

உண்மைதான். கீழ்வீட்டில் அப்போதெல்லாம் சத்தமே கேட்கவில்லை. முன்னறையில் ஒரு தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் வரும். கண்ணாடிக்காரரின் மனைவி துணி திருத்தித் தருகிறவள். பேண்ட் சுருக்குவது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது. எனக்குத் தங்கை வயது, அதனால் அவள் என்றே சொல்கிறேன். நன்றாகத் தைப்பாள், அதைவிட நன்றாகப் பேசுவாள். துணி கொடுக்க வந்தவர்கள் துணியை மறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்காவோடு தினமும் போனில் பேசிக்கொண்டே பட்டன் வைப்பாள். அதெல்லாம் குறைந்துபோயிருந்தது. என் பேண்ட் ஒன்றைச் சுருக்கக் கொடுத்தேன். ஒரே காலை இரண்டு தடவை வெட்டித் தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தபோது வலது கால் கணுக்காலிலும் இடது கால் செருப்புக்குக் கீழேயும் இருந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

பார்த்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. "வச்சிட்டுப் போங்கண்ணே, வேற துணி வாங்கித் தச்சுத் தரேன்" என்றாள். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு விஷயம். கடையில இவர் எப்படி இருக்கார்?"

"எப்படின்னா?"

"சிரிச்சுப் பேசுறாரா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன். நினைத்தது நினைப்போடு சரி. "இல்லம்மா, முன்ன மாதிரி இல்ல" என்றேன்.

அவள் முகம் மாறியது. கடையிலும் அப்படித்தான் என்று தெரிந்தால் அவள் சமாதானமாவாள் என்று நினைத்துச் சொன்னேன், அது நேர்மாறாகப் போய்விட்டது. அவள் இத்தனை நாளும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். கடையில் ரேடியோவோடு சிரித்துப் பேசியே ஆள் தீர்ந்துபோகிறார், மிச்சம்மீதிதான் வீட்டுக்கு வருகிறது என்பது அந்தக் கணக்கு. ரேடியோ வைத்திருந்த கணக்கு அதற்கு மறுபக்கம். வீட்டில் பொண்டாட்டி ஆளைப் பிழிந்து எடுத்துவிடுகிறாள், சக்கையைத்தான் காலையில் கடைக்கு அனுப்புகிறாள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் குறை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதியை நான் கெடுத்தேன்.

மறுநாளே ரேடியோவை வீட்டுக்கு வரவழைத்துக் கேட்டுவிட்டாள். கண்ணாடிக்காரர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அளவெடுக்கப் போயிருந்த நேரம். நானும் போக வேண்டியதாயிற்று. போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

"ரேடியோ அண்ணே, மறைக்காம சொல்லுங்க. உங்ககூட எப்படி இருக்கார்?"

"நீ மறைக்காம சொல்லு தங்கச்சி. உன்கூட எப்படி இருக்கான்?"

"எங்கிட்ட என்ன இருக்கு சொல்றதுக்கு? வர்றார். கை கால் கழுவுறார். என்ன கேட்டாலும் ஒரு வார்த்தை. பொண்ணு பாடத்துல சந்தேகம் கேட்டா, அம்மாகிட்ட கேளுங்கறார். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுன்னு அவருக்கே தெரியும். அவளும் கேக்குறத விட்டுட்டா."

"எனக்கு அந்த ஒரு வார்த்தையும் கிடையாது."

மெஷினில் ஒரு குழந்தைச் சட்டை பாதியில் நின்றிருந்தது. அவள் ஊசியைத் தூக்கிவிட்டு, துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுலயும் இல்ல, கடையிலயும் இல்ல" என்றாள். "அப்ப மூணாவதா ஒரு இடம் இருக்கு."

ரேடியோ என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வேர் உண்டு, அது உப்புப் பெறாத விஷயம். கண்ணாடிக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டிருந்தார். நடக்கவில்லை. அவள் எங்கேயோ போய்விட்டாள். இப்போது புருஷன் இல்லாமல் திரும்பி வந்து, மூன்று தெரு தள்ளி குடியிருந்தாள். மழை தொடங்குவதற்கு முன்னால் அவள் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்தது. கடைக்கு ஆள் வந்தது. இவர் போனார், அளவெடுத்தார், மாட்டினார், திரும்பி வந்தார். வீட்டில் மட்டும் அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்து வேலை என்று சொல்லிவிட்டார். அவரைக் கேட்டால் வம்பு வேண்டாம் என்றுதான் என்பார். பொய் சொன்னால்தான் வம்பு என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் தெரியவில்லை பாருங்கள். அதைப் போட்டு உடைத்தது ரேடியோ. இவர் வீட்டுக்குச் சாப்பிட வந்த இடத்தில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "தங்கச்சி, ஒரு சின்ன ஜன்னலுக்கு உன் வீட்டுக்காரர் எத்தன தடவ அளவெடுத்தாருன்னு கேளு" என்று வேடிக்கையாக ஆரம்பித்து, யார் வீட்டு ஜன்னல் என்பது வரைக்கும் சொல்லி முடித்தார். சொல்லி முடித்த பிறகே மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

அன்று சண்டை வரவில்லை. வந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக மனைவியிடமிருந்து தினமும் கேள்விகள் வந்தன. இன்னிக்கு எங்க வேலை. யார் வீடு. வீட்டுல யாரெல்லாம் இருந்தாங்க. டீ கொடுத்தாங்களா. யார் கொண்டு வந்து கொடுத்தா. ஏன் நேரமாச்சு. எல்லாமே சாதாரணக் கேள்விகள், சாதாரணக் குரலில், சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டவை. ஒரு கேள்வியை மட்டும் அவள் கேட்கவேயில்லை.

மூணாவது இடம் என்று அவள் சொன்ன அன்றே, "பில்லு சார், அவன் பின்னால நீங்கதான் போகணும்" என்றார் ரேடியோ. "நான் போனா என் சத்தம் முன்னாடி போயிடும்."

இப்படித்தான் நான் வேவு பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். கடை மூடியதும் கண்ணாடிக்காரர் வீட்டுக்கு நேரே போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஷட்டரை இழுத்துவிட்டு இடப்பக்கம் திரும்புவார், வீடு இருப்பது வலப்பக்கம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கண்ணாடித் தூள் ஒட்டாமலிருக்க அவர் போட்டுக்கொள்ளும் தோல் ஏப்ரன் கையிடுக்கில் சுருண்டிருந்தது. மூன்று தெரு தள்ளியிருக்கிற அந்த வீட்டுப் பக்கம் அவர் திரும்பவில்லை. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

பஸ் நிலையத்துக்குப் போனார். கடைசி நிறுத்தத்தில், கூரை ஒழுகாத ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. எதிலும் ஏறவில்லை. யாரும் வந்து பக்கத்தில் உட்காரவுமில்லை. தூணுக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. தலையை ஆட்டினார். ஒரு தடவை கையை விரித்துக் காட்டினார், எதிரே ஒருத்தர் இருந்து கேட்பது போல. பிறகு எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"போன்ல பேசியிருக்கார்" என்றாள் அவள்.

"கையில போன் இல்லம்மா."

"காதுல மாட்டிக்கிட்டுப் பேசுறதுதானே இப்பல்லாம்."

"காதுல ஒண்ணும் இருந்த மாதிரி தெரியல."

"மழையில உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? கண்ணாடி வேற போட்டிருக்கீங்க."

அவர் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். கடை நம்பர், ரேடியோ நம்பர், அவள் நம்பர். வேறு எதுவுமில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. "இவ்வளவு சுத்தமா யார் போனும் இருக்காது" என்றாள். அன்றிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அக்கா போன் அடித்தால் எடுப்பதில்லை. அந்த அக்காவுக்கு அப்போது உடம்பு சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. துணி வாங்கிப் போக வந்தவர்கள், இன்னும் ஆகலையா என்று கேட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தானே முட்டை வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு, மாடிப்படியில் வந்து உட்கார்ந்து படித்தாள்.

"ஏம்மா இங்க உக்காந்திருக்க?" என்று கேட்டேன்.

"கீழ காத்தே இல்ல மாமா" என்றாள்.

ஜன்னலெல்லாம் திறந்துதான் இருந்தது.

இதற்கிடையில் கடைவீதியில் புதிதாக ஒரு துணிக்கடை திறக்க இருந்தார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே சுவருக்கு நெடுக ஒரு நிலைக்கண்ணாடி. மற்றதெல்லாம் மாட்டி முடித்து, அந்த நிலைக்கண்ணாடிதான் பாக்கி. கையெழுத்து வாங்க முதலாளி என்னையும் அனுப்பியிருந்தார். காலையிலேயே வானம் மூட்டமாக இருந்தது, காற்றும் இருந்தது. லாரியிலிருந்து இறக்கி, ஓரங்களில் அட்டை கட்டி, கைப்பிடிக்கு ரப்பர் கப்பை அழுத்தி ஒட்டி, இரண்டு பேரும் தூக்கினார்கள். வாசல் குறுகல். ரேடியோ பின்பக்கமாக நடந்தார். கண்ணாடிக்காரர் எதிரே.

அந்தக் கடையில் வாசலைத் தாண்டியதும் தரை ஒரு படி தாழ்ந்து போகும். நான் அந்தப் படிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"படி இருக்கா?" என்றார் ரேடியோ.

கண்ணாடிக்காரர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக, முகத்துக்கு முகம். "இல்ல" என்றார். சத்தமாக, தெளிவாக, கொஞ்சம் கோபமாகக்கூடச் சொன்னார்.

நான் கத்துவதற்குள் ரேடியோவின் கால் காற்றில் இறங்கியது. அவர் மல்லாந்து விழுந்தார். கண்ணாடிக்காரரின் கை, பழகிய கை, நழுவியதைப் பிடிக்காமல் விட்டு விலகியது. விலக முடியாதவர் கீழே கிடந்தவர்தான். எழுந்த சத்தத்தில் வீதி முழுக்க வந்து நின்றது. நல்லவேளை, அட்டை கட்டிய ஓரம் முதலில் தரையில் பட்டது. முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு வெட்டு, கணுக்காலில் எலும்பு முறிவு. அதோடு போனது. தலைக்கு வந்தது காலோடு போனது என்று ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமலிருந்து நான் பார்த்தது அன்றுதான்.

கட்டுப் போட்டு முடித்து, கண்ணாடிக்காரர் மருந்து வாங்கப் போன பிறகு, என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பில்லு சார். படி அவன் கண்ணு முன்னாடி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"என்னையப் பாத்துச் சொன்னானா, வேற எங்கயாவது பாத்துச் சொன்னானா?"

"உங்களப் பாத்துத்தான்."

"அப்ப வேணும்னே சொல்லியிருக்கான்" என்றார். "ஜன்னல் விஷயத்த நான் வீட்டுல போட்டுக் கொடுத்தேன்ல. அன்னிலேருந்து மனசுல வச்சிருந்திருக்கான். அவன் இல்லாத நேரத்துல நாம அவன் வீட்டுக்குப் போனதும் தெரிஞ்சிருக்கும்."

அப்படி இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த "இல்ல"வில் இருந்த கோபம் என் காதில் இன்னும் இருந்தது.

தனியாள், அறைக்கு மாடி ஏறிப் போக முடியாது என்பதால் ரேடியோவைக் கண்ணாடிக்காரர் வீட்டிலேயே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். கூட்டி வந்தவர் கண்ணாடிக்காரர்தான். வேறெங்கே போவான் என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவே. முன்னறையில் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு கட்டில் போட்டார்கள். கண்ணாடிக்காரரே அவர் காலுக்குத் தலையணை வைப்பார், மருந்து எடுத்துக் கொடுப்பார். ரேடியோ ஒவ்வொரு மாத்திரையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் உள்ளே போனதும் தங்கச்சியைக் கூப்பிட்டு, "இது டாக்டர் எழுதினதுதானா பாரு" என்பார். அவளும் அட்டையை வாங்கிப் படித்துப் பார்ப்பாள். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் மற்ற இரண்டு பேரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. மகள் மாடிப்படியிலிருந்து என் அறைக்கே வந்துவிட்டாள்.

கடை விடுமுறை நாள் மதியம் என்னையும் கீழே சாப்பிடக் கூப்பிட்டார்கள். விடாமல் மழை. சூப்பும் ரொட்டியும் வைத்திருந்தாள், சூப்பில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை, நானே எழுந்துபோய் எடுத்துவந்தேன். ரேடியோ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தட்டை மடியில் வைத்திருந்தார். சாப்பிடவில்லை.

"மச்சான்" என்றார். "ஒண்ணு கேக்குறேன். கேட்டுட்டா மனசு ஆறிடும். வேணும்னே சொன்னியா?"

கண்ணாடிக்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "எத?"

"படி இல்லன்னு."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தன்னைப் பற்றி இப்படி ஒரு நினைப்பு இந்த வீட்டில் இத்தனை நாளும் நடமாடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பார்த்தார். நானும் அதையேதான் செய்தேன்.

"நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?" என்றார் பொதுவாக.

"நீ விவரம் சொல்லு, அப்புறம் அப்படி நினைக்கல" என்றார் ரேடியோ. "நான் கேட்டேன், நீ என் மூஞ்சியப் பாத்து இல்லன்னே. அதுக்கு என்ன அர்த்தம்?"

"நீ கேட்டது என் காதுல விழவே இல்லடா."

"பின்ன இல்லன்னு யாருக்குச் சொன்ன?"

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தாள். நான் அத்தனை நாள் பார்த்ததில் அந்த முகத்தில் அவ்வளவு பயம் இருந்ததில்லை. கடைசியில் அது வந்தே விட்டது என்பது போல இருந்தாள்.

"சொல்லிடுங்க" என்றாள். "யாரோ ஒருத்தருக்குப் பதில் சொல்லிட்டிருந்தீங்க. பஸ் ஸ்டாண்டுல உக்காந்தும் பேசுறீங்க. எனக்குத் தெரியும். யாருன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். பொண்ணக் கூட்டிட்டுப் போயிடறேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல."

"உனக்குத்தான்" என்றார் அவர்.

"என்ன எனக்கு?"

"உனக்குத்தான் பதில் சொல்லிட்டிருந்தேன்."

அவரே தொடர்ந்தார். அத்தனை மாதமாக ஒரு வார்த்தை, அரை வார்த்தை என்று பேசிய மனிதர் விட்டு விட்டு, தடுமாறித் தடுமாறிப் பேசினார்.

"காலையில எந்திரிக்கும்போதே ஆரம்பிச்சிடும். இன்னிக்கு நீ என்ன கேப்பேன்னு. அதுக்கு என்ன சொல்லணும்னு. பொய் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா உண்மையச் சொல்லும்போதும் பொய் மாதிரியே வருது எனக்கு. அதனால முன்னாடியே சொல்லிப் பாத்துக்குவேன். கண்ணாடி அறுக்கும்போதும் அதான். டீ குடிக்கும்போதும் அதான். இவன் என்னமோ கதை சொல்லிட்டு வருவான், எனக்கு உள்ள நீ கேட்டுட்டு இருப்ப. வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுல உக்காந்து ஒருவாட்டி முழுசா சொல்லிப் பாத்துட்டுத்தான் வருவேன். வாசல்ல கால வைக்கும்போது ஒண்ணும் மிச்சம் இருக்காது. பொண்ணு கணக்கு கேக்கறா, எனக்கு எண்ணே ஓடாது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாள் பூரா உன்கூடத்தான் இருக்கேன். வேற எங்கயும் போனதில்ல."

ரேடியோ தட்டைப் பக்கத்தில் வைத்தார். "அட பாவி" என்றார் மெதுவாக. திட்டுகிற குரல் இல்லை அது. கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "பொண்டாட்டிக்குச் சொன்ன பதில்லயா நான் விழுந்தேன்?"

கண்ணாடிக்காரர் அழுதார். பெரிய சத்தமெல்லாம் இல்லை. கையில் எப்போதும் இருக்கிற சின்னச் சின்ன வெட்டுக் காயங்களோடு கண்ணைப் பொத்திக்கொண்டு அழுதார். ரேடியோ எட்டி அவர் தோளைப் பிடிக்கப் பார்த்தார், கால் விடவில்லை. கட்டிலில் இருந்தபடியே, "சரி விடுடா, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தேடிய அந்த இன்னொருத்தி சூப்புப் பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அசையவில்லை. கோபப்படவும் இல்லை, தன் மேல் தப்பில்லை என்று வாதாடவும் இல்லை. அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு அந்தக் கடை வாசல்ல வச்சு நான் என்ன கேட்டேன்?"

"அந்த வீட்டுக்குத் திரும்பப் போனீங்களான்னு."

"நீங்க இல்லன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் நம்பினேனா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே நடந்த ஒன்றை நினைவுபடுத்துகிறவர் போல யோசித்தார். இப்போது பொய் சொல்லியிருக்கலாம். ஒரு தலையசைப்பு போதும், எல்லோரும் எழுந்து கை கழுவியிருப்போம்.

"இல்ல" என்றார். "திரும்பக் கேட்ட."

ரேடியோ என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒருவருக்குக் கால் இல்லை, இன்னொருவருக்கு எழுந்துபோகிற புத்தி இல்லை.

"போனீங்களா?" என்றாள் அவள்.

ஜன்னல் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் வாயால் கேட்காத கேள்வி அது. கேட்ட பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"போகல" என்றார் கண்ணாடிக்காரர்.

நம்பினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். பில் போடுகிறவனுக்கு அதெல்லாம் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவள் வாய் திறந்தது, மூடியது. இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவள் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.